உள்தாழ்ப்பாள்

இலாரியா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால்.
பதினேழாம் மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று
போன வெசாக்கிலிருந்தே படுத்துக் கிடக்கிறது.
முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு பை,
கையில் பட்டர்வொர்த் ஜெட்டியில் வாங்கிய மங்குஸ்தான்,
விரலெல்லாம் ஊதாக் கறை.
இரும்புக் கதவைத் திறந்துவிட்ட பிறகும்
வாசலிலேயே நின்று "பெர்மெஸ்ஸோ" என்றாள்.
வரச் சொன்ன வீட்டுக்குள்ளும்
அனுமதி கேட்டுத்தான் நுழைவார்கள் அந்த ஊர்க்காரர்கள்.
எனக்குத் தெரியும். நானும் கேட்டிருக்கிறேன்.

"பசியாறிட்டியா?" என்று வாய் முந்திக்கொண்டது,
காலையில் மட்டும் கேட்கிற கேள்வி,
நள்ளிரவில், தமிழில்.
தலையை ஆட்டினாள். எதற்கென்று இருவருக்கும் தெரியாது.
முட்டை உடைத்து மேகி கிண்டிக் கொடுத்தேன்.
முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி
ஓர் இழை சிந்தாமல் தின்றாள்.

இந்தச் சோபாவைப் பற்றி நான் எழுதியது மூன்றே வரி:
ஜெலுத்தோங். கடல் பாதி தெரியும்,
மீதியை எதிர் புளோக் மறைக்கும்.
பணம் வேண்டாம்.

எழுத வைத்தது கடன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இருபத்து மூன்று நாள்.
தூரினில் ஒரு பல் மருத்துவர்.
பொலோஞ்ஞாவில் ஐந்து மாணவர்கள், ஒரே குளியலறை.
பிறகு பெர்ராராவில் தொனாத்தெல்லா,
ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள்.
தவமலர் என்ற என் பெயரில்
"தாவா" வரைக்கும் வந்து நின்றாள்,
அதற்குள் சாவியை என் கையில் வைத்திருந்தாள்.
பூசணிக்காய் அடைத்த பாஸ்தா பரிமாறினாள்.
கொழுக்கட்டை மாதிரி இருக்கிறதென்று சொல்ல
என்னிடம் வார்த்தை இல்லை; இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு ஊரையே மூடுபனி தின்றது.
தன் அறைக் கதவை அகலத் திறந்துபோட்டு
தொனாத்தெல்லா குறட்டை விட்டாள்.
நான்தான்
சமையலறை நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கிப் போய்
என் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.
அவளுக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் வலி வேறு.

காலையில் அவளே வந்து
ஒன்றும் கேட்காமல்
நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள்.
அந்த வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலி.
இருவர் உட்கார்ந்து கோப்பி குடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு லெச்சே வரை போனேன்,
எங்கும் கதவை முட்டவில்லை,
திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இலாரியாவுக்குத் தலையணை கொடுத்து
மின்விசிறி வேகத்தை மூன்றில் வைத்து
நல்லிரவு சொல்லி என் அறைக்கு வந்து
தாழ்ப்பாளை மெல்ல, மெல்லத் தள்ளுகிறேன்.
போன மாதம் மாற்றிய புதுத் தாழ்ப்பாள்.
டக் என்றது.
வரவேற்பறையில் சோபா ஒருமுறை முனகி
அப்புறம் சத்தமே இல்லை.

ஆறு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால்
வாய் பிளந்து தூங்குகிறாள்,
பையின் வாரைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு.
இரட்டை முடிச்சு.
கையால் வாயைப் பொத்திச் சிரித்தேன்.
கத்தானியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து
என்னைக் கண்டு பயந்திருக்கிறாள், பாவம்.

ஆறே முக்காலுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்.
எழுப்பி வெளியே அனுப்பலாம்.
பூட்டிக்கொண்டும் போகலாம், அது இன்னும் அசிங்கம்.
இருப்பது ஒரே சாவி.
மேகித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்,
இன்னொரு முறை கழுவினேன்.
சாவியை மங்குஸ்தான் பக்கத்தில் வைத்துவிட்டு
லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினேன்.
காத்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது
மலைப் பக்கமிருந்து மழை இறங்கிவந்தது.
அண்ணாந்து மாடிகளை எண்ணினேன், இரண்டு முறை தப்பி,
மூன்றாவதில் பதினேழு:
என் கொடியில் ஒரு கை.
யூனிஃபார்ம் உள்ளே போயிற்று. பாவாடை போயிற்று.
நீலத் துண்டை மட்டும் மறந்துவிட்டாள்,
அது நனைகிறது.

கட்டிய காலோடுதான்
பையை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாளோ?